இரண்டு தண்டவாளமா, மூன்றா? பெரியப்பாவின் டிரங்குப் பெட்டிக்கு ஒரு கணக்கு

மாடல் ரயிலின் ஒரு ஜோடி சக்கரத்தைக் கையில் எடுங்கள். இந்தப் பக்கச் சக்கரத்தில் மல்டிமீட்டரின் ஒரு முனை, அந்தப் பக்கச் சக்கரத்தில் இன்னொரு முனை. மீட்டர் 'பீப்' என்று கத்தினால் அது மூன்று தண்டவாள வண்டி. சத்தம் வராவிட்டால் இரண்டு தண்டவாள வண்டி. மாடல் ரயில் என்ஜினை ஒரு தண்டவாள முறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றலாமா என்ற கேள்விக்குப் பாதி பதில் இந்தச் சத்தத்திலேயே வந்துவிடும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருஷமும் ஒரு டீகோடரும் (என்ஜினுக்குள் உட்கார்ந்து டிஜிட்டல் கட்டளையை வாங்கி மோட்டாரை ஓட்டும் சின்னப் பலகை) செலவாயின.

பெரம்பூரில் எங்கள் வீட்டு மாடி அறையில் எட்டுக்கு நாலடி ப்ளைவுட் மேல் என் லேஅவுட், அதாவது மாடல் ரயில் பாதை, இருக்கிறது. ஹெச்ஓ அளவு, 1:87. இரண்டு தண்டவாளம், தண்டவாளம் வழியாகவே ஒவ்வொரு என்ஜினுக்கும் தனித்தனி டிஜிட்டல் கட்டளை அனுப்பும் டிசிசி கன்ட்ரோலர், நாலு என்ஜின். வாரத்தில் ஞாயிறு மட்டும் ஓடும் சின்ன ராஜ்ஜியம்.

என் பெரியப்பா சரக்குக் கப்பலில் எஞ்சினியர். ஹாம்பர்க் போய் வரும்போதெல்லாம் கையில் ஒரு ரயில் பெட்டி இருக்கும். அவர் காலமான பிறகு பெரியம்மா ஒரு டிரங்குப் பெட்டியைக் காட்டி, "நீதான்டா இந்த வீட்ல ரயில் பைத்தியம், எடுத்துட்டுப் போ" என்றார். உள்ளே ஏழு என்ஜின்கள், முப்பத்தெட்டு வேகன்கள், தகரத்தாலான தண்டவாளத் துண்டுகள், நீல நிற டிரான்ஸ்பார்மர் ஒன்று. எல்லாமே மெர்க்லின் என்ற ஜெர்மன் கம்பெனியுடையவை, மூன்று தண்டவாள முறை.

அன்று சாயங்காலமே அக்கா மகன் அதில் குட்டியாக இருந்த கறுப்பு நீராவி என்ஜினை எடுத்து என் தண்டவாளத்தில் வைத்தான். அளவெடுத்துச் செய்தது போல் உட்கார்ந்தது. அடுத்த நொடி கன்ட்ரோலரில் சிவப்பு விளக்கு எரிந்து மற்ற எல்லா வண்டிகளும் நின்றன. "மாமா, செத்துடுச்சா?" என்றான். என்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஷார்ட்.

அளவெடுத்தது போல் உட்காருகிறது என்பதுதான் இதில் பொறி. இரண்டு முறையிலும் தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. வேறுபாடு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. என்னுடைய முறையில் இடது தண்டவாளம் ஒரு முனை, வலது தண்டவாளம் மறுமுனை. ஆகவே ஒவ்வொரு அச்சிலும் ஏதாவது ஒரு சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவே பிளாஸ்டிக் இருக்கும். மெர்க்லினில் இரண்டு தண்டவாளமும் சேர்ந்து ஒரே முனை. இன்னொரு முனை ஸ்லீப்பர் கட்டைகளின் நடுவே வரிசையாகத் தலை நீட்டும் சின்னச் சின்ன உலோகப் புள்ளிகள். அவைதான் அந்த மூன்றாவது தண்டவாளம். என்ஜினின் வயிற்றுக்குக் கீழே ஒரு நீளமான தகடு, ஸ்லைடர், அந்தப் புள்ளிகளைத் தடவிக்கொண்டே போய் மின்சாரத்தை எடுக்கும். இரண்டு பக்கச் சக்கரமும் ஒரே முனை என்பதால் அவற்றைப் பிரித்து வைக்க வேண்டிய அவசியமே அவர்களுக்கு இல்லை.

ஜெர்மனியின் கோப்பிங்கன் ஊரில் 1859-இல் தொடங்கிய நிறுவனம் மெர்க்லின். இந்த மேஜை அளவு ரயிலை 1935-இல் கொண்டுவந்தது. முதலில் நடுவில் முழு நீளத்துக்கும் ஒரு தண்டவாளமே ஓடியது. அது பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று 1950-களில் புள்ளிகளாகச் சுருக்கினார்கள். உலகத்தில் பெரும்பாலோர் இரண்டு தண்டவாளத்துக்குப் போன பிறகும் இவர்கள் பிடிவாதமாக மூன்றிலேயே நின்றதற்கு நல்ல காரணம் உண்டு. தண்டவாளத்தைச் சுற்றி வளைத்து வந்த வழியிலேயே திருப்பிவிட்டால் இரண்டு தண்டவாள முறையில் இடதும் வலதும் மோதிக்கொள்ளும், அதற்குத் தனியாக மின் ஏற்பாடு வேண்டும். மூன்று தண்டவாளத்தில் அந்தத் தலைவலியே கிடையாது. குழந்தை கண்டபடி தண்டவாளத்தைச் சேர்த்தாலும் வண்டி ஓடும். போதாததற்கு ஸ்லைடர் தடவித் தடவிப் புள்ளிகளைத் தானே சுத்தம் செய்துகொள்கிறது. கடற்காற்றும் தூசியும் சேர்ந்து ஞாயிற்றுக்கு ஞாயிறு தண்டவாளத்தைத் துடைக்க வைக்கும் சென்னையில் இது சின்ன விஷயம் இல்லை.

சரி, ஏழு என்ஜினை என்ன செய்வது? என் முன்னால் ஐந்து வழிகள் இருந்தன. அவற்றை இரண்டாக மாற்றுவது. என்னிடம் இருப்பவற்றை மூன்றாக மாற்றுவது. இரண்டையும் தனித்தனியாக ஓட்டுவது. பேட்டரி வைத்துத் தண்டவாளத்தையே வெறும் இரும்பாக்குவது. எல்லாவற்றையும் விற்றுவிடுவது.

விற்பதை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். பழைய மூர் மார்க்கெட் இருந்த காலத்தில் இப்படிப்பட்ட பெட்டிக்கு அங்கே ஆள் இருந்திருப்பார்கள். அது 1985-இல் எரிந்துபோனது. இப்போது வாங்குகிறவர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். விற்று வரும் பணத்தில் இரண்டு தண்டவாள என்ஜின் வாங்கலாமே என்றால் சுங்கவரி குறுக்கே நிற்கிறது. மாடல் ரயில் பொம்மைக் கணக்கில் வரும். பொம்மைக்கான அடிப்படை வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-இல் 70 ஆனது. ஏழு என்ஜினை விற்று மூன்று வாங்கும் வியாபாரம். அதோடு, பெரியம்மாவிடம் என்ன சொல்வது?

மோட்டாரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்

இந்த வேலையில் இறங்குகிறவர்கள் எல்லாரும் முதலில் மோட்டாரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். "அது ஏசி ஆச்சே, நம்மளது டிசி ஆச்சே?" நானும் அங்கேதான் தொடங்கினேன். உண்மையில் இருப்பதிலேயே சுலபமான பகுதி அதுதான்.

பழைய மெர்க்லின் மோட்டாரில் நிலைக் காந்தம் இல்லை, அதற்குப் பதில் ஒரு கம்பிச் சுருள். நம் வீட்டு மிக்சி மோட்டார் மாதிரி. அதற்கு டிசி கொடுத்தாலும் சுற்றும். ஆனால் ஒயரை மாற்றிக் கொடுத்தால் திசை மாறாது. சுருளின் திசையும் உள்ளே சுற்றும் பகுதியின் திசையும் சேர்ந்தே புரண்டுவிடுவதால் முன்னே போன வண்டி முன்னேயே போகும். திசை மாற்ற அவர்கள் வைத்திருப்பது ஒரு ரிலே, மின்காந்தத்தால் புரளும் சுவிட்ச். சாதாரண ஓட்டத்துக்கு 16 வோல்ட் வரை, திசை மாற்ற ஒரு கணம் 24 வோல்ட். அந்த அடியில் ரிலே 'டக்' என்று புரளும்.

மாற்ற வேண்டுமென்றால் சுருளை எடுத்துவிட்டு அதே வடிவத்தில் நிலைக் காந்தம் ஒன்றை வைத்தால் போதும், அது டிசி மோட்டாராகிவிடும். ஹாமோ என்ற பெயரில் மெர்க்லினே ஒரு காலத்தில் தன் என்ஜின்களின் இரண்டு தண்டவாள வடிவத்தை விற்றது. அதனால் இந்தக் காந்தங்களை இன்றும் ஹாமோ காந்தம் என்றே சொல்கிறார்கள். ரிலேயைக் கழற்றி அந்த இடத்தில் டீகோடரை வைத்தால் டிஜிட்டல். ஸ்க்ரூடிரைவர், சால்டரிங் அயர்ன், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

ஒயர் நிறம் மட்டும் கவனம். நான் டீகோடரை எரித்தது இங்கேதான். டிசிசி டீகோடரில் சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்துக்கு, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு, வெள்ளை முன் விளக்கு, மஞ்சள் பின் விளக்கு, விளக்குகளுக்குப் பொதுவானது நீலம். மெர்க்லினில் சிவப்பு ஸ்லைடருக்கு, பழுப்பு தண்டவாளத்துக்கு, மோட்டாருக்கு நீலமும் பச்சையும், முன் விளக்குக்குச் சாம்பல், பொதுவானது ஆரஞ்சு. மோட்டார், விளக்கு ஒயர்களில் மஞ்சள் ஒன்றுதான் இரண்டு வீட்டிலும் ஒரே வேலை பார்க்கிறது, பின் விளக்கு. நான் என்ஜினுக்குள் இருந்த பழைய ஒயரின் நிறத்தைப் பார்த்து, புதிய டீகோடரின் அதே நிறத்தோடு சேர்த்தேன். விளக்கில் மோட்டார் ஒயர், மோட்டாரில் விளக்கு ஒயர், நடுவில் என்ஜினின் உலோகச் சட்டம். வாசனை மட்டும் வந்தது. அடுத்த டீகோடரைக் கையில் எடுக்கும் முன் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரே நிறத்தில் ஒயர் வாங்கி, முனைகளில் எண் ஒட்டிக்கொண்டேன். அழகில்லை, ஆனால் குழப்பமும் இல்லை.

சக்கரம்தான் ஆளைக் கொல்லும்

மூன்றை இரண்டாக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு அச்சிலும் ஒரு சக்கரத்தை மின்சாரத்திலிருந்து பிரிக்க வேண்டும். வேகனில் இது ஒன்றுமே இல்லை. பழைய சக்கர ஜோடியை விரலால் நெம்பி எடுத்து, பிளாஸ்டிக் வைத்த புதிய ஜோடியைச் செருக வேண்டியதுதான். அச்சின் மொத்த நீளம் மட்டும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். அரை மில்லிமீட்டர் குறைந்தாலும் வண்டி ஆடும், கூடினால் சுற்றாது. முப்பத்தெட்டு வேகனில் முப்பத்தொன்றை நானும் அக்கா மகனும் இரண்டு வாரத்தில் முடித்தோம்.

என்ஜின் சக்கரம் வேறு கதை. அது அச்சில் இறுக்கி அடித்தது. சக்கரத்தின் பின்புறமே பல்சக்கரம் இருக்கும். அந்தப் பல்சக்கரம் இன்னொரு உலோகப் பல்சக்கரத்தைத் தொடும், அது சட்டத்தைத் தொடும். ஆகவே பல்சக்கரம் இல்லாத பக்கத்தைத்தான் பிரிக்க முடியும். சக்கரத்தைக் கழற்றி, நடு ஓட்டையைப் பெரிதாக்கி, டெல்ரின் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்த புஷ் (குட்டி வளையம்) ஒன்றைச் செருகி, மறுபடி அச்சில் ஏற்ற வேண்டும். லேத்தில் துளி கோணினால் சக்கரம் குடிகாரன் மாதிரி நடக்கும்.

நீராவி என்ஜினில் இன்னும் இரண்டு சிக்கல். இடப்பக்கக் கம்பிகளும் வலப்பக்கக் கம்பிகளும் ஒன்றுக்கொன்று 90 டிகிரி தள்ளியிருக்க வேண்டும். ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டும்போது இரண்டு டிகிரி பிசகினால்கூட வண்டி ஒவ்வொரு சுற்றிலும் முக்கும். அதைச் சரியாகப் பிடித்து வைக்கத் தனியாக ஓர் அச்சுச்சட்டம் வேண்டும். அடுத்தது, சக்கரத்தைப் பிரித்துவிட்டோம் என்று நாம் நிம்மதியாக இருக்கும்போது, அந்தச் சக்கரத்தில் மாட்டிய கம்பி முன்னால் போய் சிலிண்டருக்குள் நுழையும். சிலிண்டர் உலோகமாக இருந்தால் மின்சாரம் வாசல் வழி போகாமல் கொல்லை வழி வந்து ஷார்ட் ஆகும்.

இத்தனையும் முடித்த பிறகு பாயின்ட், அதாவது பாதை இரண்டாகப் பிரியும் இடம், காத்திருக்கிறது. பழைய மெர்க்லின் சக்கரத்தின் விளிம்பு உயரம். தண்டவாளத்தின் உயரத்தைக் கோட் 100, கோட் 75 என்று சொல்கிறோம் அல்லவா, அதாவது 2.54 மி.மீ., 1.9 மி.மீ. என் லேஅவுட்டில் பாதி கோட் 75. அதில் பெரியப்பாவின் வேகன் விளிம்புகள் ஸ்லீப்பரில் தண்டவாளத்தைப் பிடிக்கும் சின்னக் கொக்கிகளில் இடித்து 'டகடக' என்றன. போதாததற்கு, இரண்டு சக்கரங்களின் உட்புறங்களுக்கு இடையே உள்ள தூரம் இரண்டு தண்டவாள உலகில் ஏறக்குறைய 14.4 மி.மீ. பழைய மெர்க்லினில் 14-ஐ ஒட்டி இருக்கிறது. கால் மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். பாயின்ட்டின் உள் தண்டவாளத்தில் ஏறி விழும்போதுதான் அது எவ்வளவு என்று புரியும்.

பெரம்பூரிலேயே ஒரு லேத்துப் பட்டறை. அவர் பெரிய புல்லிகளுக்கு நடுவே என் சக்கரத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "சார், இது காதுல போடுற கம்மல் சைஸ்ல இருக்கு. நகைப் பட்டறைக்குப் போங்க" என்றார். பிறகு ஆர்வம் தாங்காமல் அவரே வாங்கி வைத்துக்கொண்டார்.

இதற்கெல்லாம் ஒரு குறுக்கு வழி உண்டு, ஆனால் சில என்ஜின்களுக்கு மட்டும். 1997-இல் டிரிக்ஸ் என்ற இரண்டு தண்டவாள நிறுவனம் மெர்க்லின் கைக்கு வந்தது. அதன் பிறகு ஒரே என்ஜினை மெர்க்லின் பெயரில் மூன்று தண்டவாளத்துக்கும் டிரிக்ஸ் பெயரில் இரண்டுக்கும் விற்கிறார்கள். உங்கள் என்ஜினுக்கு அப்படி ஓர் இரட்டைப் பிறவி இருந்தால், அதற்கான உதிரி சக்கர ஜோடிகளை வரவழைத்து மாட்டலாம், ஸ்லைடரைக் கழற்றலாம், சக்கரத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் சின்னத் தகடுகளை வைக்கலாம். லேத்து வேண்டாம், 90 டிகிரி கணக்கு வேண்டாம். என் ஏழில் இரண்டுக்கு இந்த அதிர்ஷ்டம் இருந்தது. டீகோடர் ஒன்று மூவாயிரத்தைத் தாண்டியது, உதிரியும் தபாலும் வரியும் சேர்ந்து ஏறக்குறைய அதே அளவு. அந்த விலைக்கு அவை முழு மனிதர்களாகத் திரும்பி வந்தன என்பதில் எனக்கு வருத்தம் இல்லை.

எதிர்த்திசையில் போனால்

இனி இதே பாதையை மறுபக்கத்திலிருந்து பாருங்கள். என்னுடைய இரண்டு தண்டவாள டீசலை மூன்றுக்கு மாற்ற என்ன வேண்டும்? வயிற்றில் ஒரு ஸ்லைடரை ஒட்ட வேண்டும். இடது சக்கரத்திலிருந்து வரும் ஒயரையும் வலது சக்கரத்திலிருந்து வரும் ஒயரையும் ஒன்றாகச் சேர்த்து டீகோடரின் ஒரு முனைக்கும், ஸ்லைடர் ஒயரை மறுமுனைக்கும் கொடுக்க வேண்டும். முடிந்தது. சக்கரத்தில் பிளாஸ்டிக் இருந்தால் இருக்கட்டும், அது யாரையும் தொந்தரவு செய்யாது. டீகோடரையும் மாற்ற வேண்டாம். டிசிசி சிக்னலுக்குத் தன் ஒரு கால் புள்ளியிலும் இன்னொரு கால் தண்டவாளத்திலும் இருப்பது பற்றிக் கவலை இல்லை.

ஆறு அச்சு டீசல் ஒன்றில் சோதித்தேன். முக்கால் மணி நேரத்தில் பெரியப்பாவின் தகரத் தண்டவாளத்தில் அது ஓடியது. லேத்துக்காரர் ஒரு சக்கரத்துக்கு எடுத்துக்கொண்ட நாட்களை நினைத்தால் சிரிப்பு வந்தது.

தடைகள் இல்லாமல் இல்லை. ஸ்லைடருக்குச் சமதளமான வயிறு வேண்டும். குட்டி ஷன்டிங் என்ஜின்களுக்கும், பல்சக்கரப் பெட்டி கீழே தொங்கும் என்ஜின்களுக்கும் இடம் போதாது. புதிய என்ஜின்களின் மெல்லிய சக்கரம் பழைய தகரப் பாயின்ட்டின் அகலமான பள்ளத்தில் இறங்கி ஏறும். ஆனால் மெர்க்லினின் இப்போதைய சி வகைத் தண்டவாளத்தில் இந்தத் தொல்லை குறைவு. ஆகவே, இன்னும் எதுவும் வாங்காதவர், கையில் வாரிசாக வந்த மெர்க்லின் பெட்டி மட்டும் இருக்கிறவர் என்னிடம் கேட்டால், மூன்று தண்டவாளத்திலேயே இருங்கள் என்பேன். பின்னால் பிடித்துப்போகும் பெரிய இரண்டு தண்டவாள என்ஜினை அங்கே அழைத்து வருவது எளிது. மூன்றிலிருந்து இரண்டுக்கு வருவது மலை ஏறுவது.

என் நிலைமை அப்படி இல்லை. எட்டுக்கு நாலடிப் பலகையில் ஒட்டி, ஜல்லி போட்டு, வண்ணம் அடித்த தண்டவாளத்தை யார் பிய்ப்பது? இருக்கும் தண்டவாளத்தின் நடுவிலேயே பித்தளை ஆணிகளை அடித்து, ஒரு சுவிட்ச் போட்டு, காலையில் மூன்று, மாலையில் இரண்டு என்று மாற்றிக்கொள்ளலாமே என்று ஒரு வாரம் கனவு கண்டேன். நேர்ப்பாதையில் அது நடக்கும். பாயின்ட்டில் ஸ்லைடர் குறுக்கே வரும் தண்டவாளத்தைத் தொடாமல் இருக்க ஆணிகளை மெல்ல மெல்ல உயர்த்தி இறக்க வேண்டும். என்னிடம் பாயின்ட் ஒன்பது. கனவு அதோடு கலைந்தது.

பேட்டரி ஆசை

அக்கா மகனுக்கு ரோபோடிக்ஸ் பைத்தியம். "மாமா, தண்டவாளத்துல கரண்ட்டே வேணாம். லித்தியம் பேட்டரி போட்டு போன்ல ஓட்டலாம்" என்றான். யோசித்தால் நல்ல யோசனை. தண்டவாளத்தில் மின்சாரமே இல்லையென்றால் சக்கரம் ஷார்ட் ஆவதற்கும் ஒன்றுமில்லை. லேத்து வேண்டாம், புஷ் வேண்டாம், துடைக்கவும் வேண்டாம். 14500 என்று சொல்லும் செல் 14 மி.மீ. தடிமன், 50 மி.மீ. நீளம். மூடிய வேகன் ஒன்றுக்குள் அழகாகப் படுத்துக்கொள்ளும். 3.7 வோல்ட்டை உயர்த்தும் சின்னப் பலகை, வைஃபை உள்ள சிப் பலகை, மோட்டாரை ஓட்டும் பலகை எல்லாம் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரே கடையில் கிடைத்தன.

ஓடவும் செய்தது. ஆனால் ஒரே பலகையில் என் மற்ற என்ஜின்களுக்குத் தண்டவாளத்தில் மின்சாரம் வேண்டுமே. அது இருக்கும்போது பெரியப்பாவின் சக்கரம் வந்தால் மறுபடி ஷார்ட். எல்லாம் பேட்டரிக்குப் போக வேண்டும், அல்லது எதுவும் போகக்கூடாது. நடுவில் நிற்க இடமில்லை. மே மாதம் ஓடு வேய்ந்த மாடி அறையில் லித்தியம் செல்லை மூடிய பெட்டிக்குள் வைத்துச் சார்ஜ் செய்ய எனக்குத் தைரியமும் இல்லை. புதிதாக ஒரு லேஅவுட் தொடங்கும் இளைஞர்கள் இந்த வழியைத் தள்ளிவிட வேண்டாம்.

நம்ம ஊர் செய்தது

இந்தக் குழப்பத்தில் இருந்தபோது ஒருநாள் பீச் ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தேன். பீச்சிலிருந்து தாம்பரம் போகும் பாதை இந்த இரண்டு மாற்றத்தையும் நிஜமாகவே பார்த்தது. 1931-இல் மீட்டர்கேஜில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியபோது அது 1,500 வோல்ட் டிசி. 1960-களில் அதை 25,000 வோல்ட் ஏசியாக மாற்றினார்கள். 2004-இல் மீட்டர்கேஜே விடைபெற்றது. மின்சாரமும் மாறியது, கேஜும் மாறியது.

அந்த மாற்றத்தில் ரயில்வே மீட்டர்கேஜ் என்ஜினின் சக்கரத்தைத் தள்ளி வைத்துப் பிராட்கேஜில் ஓட்ட முயலவில்லை. தண்டவாளத்தைப் பிடுங்கி அகலமாகப் போட்டது. பழைய என்ஜின்கள் மீட்டர்கேஜ் மிச்சமிருந்த இடத்துக்குப் போயின, சில டீசல்கள் மலேசியாவுக்கும் மியான்மருக்கும் கப்பல் ஏறின, மற்றவை காயலாங்கடைக்கு. அவர்களுக்குப் பாதை முக்கியம், வண்டி செலவுப் பொருள். எனக்கு நேர்மாறு. பாதை ப்ளைவுட்டில் ஒட்டிய உலோகம். வண்டி பெரியப்பா.

அங்கேதான் மூன்றாவது வழி, இரண்டையும் தனியாக ஓட்டுவது, எனக்கு உறுத்தாமல் போனது. அதுவரை அதைத் தோல்வி என்றே நினைத்திருந்தேன். ஊட்டி மலை ரயில் இன்றும் மேட்டுப்பாளையத்தில் பிராட்கேஜ் வண்டிக்குப் பக்கத்திலேயே மீட்டர்கேஜில் நிற்கிறது. பயணி இறங்கி மாறி ஏறுகிறார். யாரும் அதை மாற்றியே தீர வேண்டும் என்று சொல்வதில்லை.

கடைசியில் எடுத்த முடிவு இப்படி. டிரிக்ஸ் இரட்டைப் பிறவி இருந்த இரண்டும் முழுதாக இரண்டு தண்டவாளத்துக்கு வந்துவிட்டன. முப்பத்தொரு வேகனும் அப்படியே. பலகையின் விளிம்பில், என் முக்கியப் பாதையை விட இரண்டு அங்குலம் உயரத்தில், பெரியப்பாவின் தண்டவாளத்தால் ஒரு நீள்வட்டம். தகரத் துண்டுகளில் துரு ஏறியவற்றை ஒதுக்கிவிட்டு நல்லதை மட்டும் எடுத்தேன். இந்த ஊர்க் காற்றில் அந்தத் தகரம் திறந்து கிடந்தால் ஒரு மழைக்காலம் போதும், ஆகவே ஓடாத நாளில் மேலே ஒரு பழைய வேட்டி போர்த்தி வைக்கிறேன். வேட்டியை எடுக்கும்போது வண்டி உருளாமல் இருக்க வேண்டும் என்பது அக்கா மகனின் பொறுப்பு. அந்த வட்டத்தில் தண்ணீர்த் தொட்டியைத் தானே சுமக்கும் குட்டி பிஆர் 89 தொட்டி என்ஜின், வி 60 டீசல், இ 10 மின்சார என்ஜின், டீகோடர் எரிந்து புதிது போட்ட இன்னொன்று. அந்தத் தொட்டி என்ஜினை மெர்க்லின் 3000 என்ற எண்ணில் பல பத்தாண்டு விற்றது. உலகத்தில் எத்தனையோ குழந்தைகளுக்கு முதல் என்ஜின் அதுதான். அதைப் பிரித்து லேத்தில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்த வட்டத்துக்கு இரண்டு மின் வழி வைத்திருக்கிறேன். ஒன்று பெரியப்பாவின் நீல டிரான்ஸ்பார்மர், இன்னொன்று டிசிசி. நடுவில் ஒரு சுவிட்ச். இதில் ஓர் எச்சரிக்கை. அந்த டிரான்ஸ்பார்மர் 220 வோல்ட்டுக்குச் செய்தது. நம் வீட்டு மின்சாரம் 230, எங்கள் தெருவில் இரவு பத்து மணிக்கு மேல் அதையும் தாண்டும். அந்த விகிதத்தில் 24 வோல்ட் அடியும் உயரும். பழைய ரிலே அதைத் தாங்கிக்கொள்ளும், டீகோடர் தாங்காது. ஆகவே டீகோடர் உள்ள எதையும் நீல டிரான்ஸ்பார்மரில் வைப்பதில்லை, ரிலே உள்ள எதையும் டிசிசியில் வைப்பதில்லை. டிரான்ஸ்பார்மரின் ஒயர் ஐம்பது வருஷத்தில் அப்பளமாகியிருந்தது. செருகும் முன் எலக்ட்ரீஷியனை வைத்து மாற்றினேன். உங்களுக்கு அப்படி ஒன்று கிடைத்தால் முதலில் அதைச் செய்யுங்கள், என்ஜின் பிறகு.

தொட்டி என்ஜினுக்கு இரண்டு சொட்டு தையல் மெஷின் எண்ணெய், கரி பிரஷ் புதிது, பின் சக்கரத்தில் காய்ந்து கல்லாகியிருந்த ரப்பர் வளையத்துக்குப் பதில் வேறொன்று. அவ்வளவுதான். முதல் நாள் திசை மாற்றும்போது அது ஒரு குதி குதித்து, 'டக்' என்று திரும்பியது. பெரியம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "இந்தச் சத்தம் ராத்திரி பன்னெண்டு மணிக்குக் கேட்கும், தூங்க விடமாட்டார்" என்றார்.

ஏழாவது, வி 200, இன்னும் லேத்துக்காரரிடம் இருக்கிறது. இரண்டு சக்கரத்துக்கு புஷ் போட்டாயிற்று, ஒன்று ஆடுகிறது. ஆடி மாசம் முடியட்டும் சார், வேலை குறைஞ்சதும் பாக்கிறேன் என்றிருக்கிறார்.